செக்குமாட்டின் மைல் கணக்கு

“இருவத்திரெண்டு வருசமா இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறனுங்க மேடம். இனிமே எனக்கு எவன் வந்து சொல்லிக் குடுக்கோணும்?”

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம் நடத்தும் நண்பர் கேட்ட கேள்வி இது. டீக்கடை பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு ஆசிரியர்களும் ‘அதானே’ என்று தலையாட்டினார்கள். பேச்சை ஆரம்பித்து வைத்த குற்றம் என்னுடையது. டெல்டா படித்துக்கொண்டிருக்கிறேன் என்று வாயை விட்டிருந்தேன். முதலில் அவருக்குப் புரிந்தது வேறு. “தஞ்சாவூர்ப் பக்கம் நெலம் ஏதாச்சும் வாங்கறீங்களா?” என்றார். மேட்டூர்த் தண்ணீர் போய்ச் சேரும் டெல்டா இல்லை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் டெல்டா; ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஆசிரியர்களுக்கான மேல்படிப்பு என்று விளக்கிய பிறகுதான் மேற்படி கேள்வி வந்தது.

அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நண்பர் தனியாள் இல்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். அனுபவத்துக்கு மேல் பட்டம் உண்டா? களத்தில் இறங்காத எவனோ எழுதிய புத்தகத்தைப் படித்து நான் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்? இதைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. காலை ஆறு மணி பேட்ச், மாலை ஆறரை மணி பேட்ச், ஞாயிற்றுக்கிழமை முழுநாள் என்று தொண்டை கட்டக் கட்ட உழைக்கிறவர்கள். ஆகவே இந்தப் பதிலைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. தள்ளாமல், எடுத்து வைத்துப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து ஊர்த் தொழில் ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பழைய பிட்டர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று. இஞ்சின் ஓடும் சத்தத்தைக் காதில் வாங்கியே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். ஆறு விதி நாடு முழுக்க வந்தது. சென்சார், கம்ப்யூட்டர், புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் என்று வண்டியே வேறாகிவிட்டது. காதுக்குக் கேட்காத கோளாறுகள் வந்துவிட்டன. நரைத்த தலை பிட்டர்கள் போய் ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ‘முப்பது வருஷக் கை இருக்கே, உனக்கெதற்கு ட்ரெயினிங்?’ என்று எந்த லாரி முதலாளியும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும்.

நம் தொழிலில் வண்டி நிற்பதில்லை. அதுதான் சிக்கலே. ஆங்கிலம் வராமல் போன மாணவர் ஃபீஸைத் திருப்பிக் கேட்பதில்லை. ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று தன்னையே நொந்துகொண்டு போய்விடுகிறார். குழந்தைகள் என்றால் பெற்றோர் வந்து சண்டை போடுவார்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா வராமல் இருந்துவிடுவார்கள். ஐம்பது பேர் சேர்ந்த பேட்ச்சில் மூன்றாம் மாதம் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ‘அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லைங்க.’ இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் எத்தனை பேர் இப்படிப் பாதியில் எழுந்து போனார்கள் என்ற கணக்கு மட்டும் யாரிடமும் இருப்பதில்லை.

அந்தக் கணக்கு இல்லாமல் வருஷக் கணக்கை மட்டும் சொல்வது செக்குமாட்டின் மைல் கணக்கு மாதிரி. அது நடந்த தூரத்தை நீட்டிப் பார்த்தால் காசிக்கே போயிருக்கும்.

அனுபவம் தன்னால் கனிந்துவிடும் என்ற நம்பிக்கையை மருத்துவத் துறையில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மருத்துவர்களின் அனுபவ ஆண்டுகளுக்கும் அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 2005இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. வருஷம் கூடக்கூடத் தரம் எல்லாவற்றிலும் குறைந்ததாகச் சொன்னவை அந்த ஆய்வுகளில் பாதிக்குச் சற்று மேல். படித்துக்கொண்டே இருந்தவர்கள் தப்பித்தார்கள், படித்து முடித்தாயிற்று என்று நினைத்தவர்கள் கீழே போனார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் ஊர்ப் பழமொழி ஒன்று இருக்கிறதே, ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று. அது தப்பு, ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதே சரி என்று திருத்துகிறவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் ‘அரை’ மட்டும் மாறவில்லை, கவனித்தீர்களா? ஆயிரத்துக்குப் பிறகும் அரைதான்.

சரி, பெரிய பேச்சு போதும். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் என் வண்டவாளத்தை எடுத்து வைப்பதுதான் முறை.

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் என்னிடம் படித்தார். ரிக் வண்டி வைத்திருக்கிறவர். அந்த ஊர் போர்வெல் வண்டிகள் வட இந்தியா முழுக்கப் போய், ஆப்பிரிக்காவிலும் துளை போட்டுக்கொண்டிருக்கின்றன என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருக்கும் அங்கே வேலை இருந்தது. போனில் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும். முதல் நாள் சொன்னார்: “மை பிரதர் ஹேஸ் கம் எஸ்டர்டே.” திருத்தினேன்: “கேம் எஸ்டர்டே.” திருப்பிச் சொன்னார். அடுத்த நாளும் ‘ஹேஸ் கம் எஸ்டர்டே’. அடுத்த மாதமும். ‘எஸ்டர்டே வந்தால் ஹேஸ் வரக்கூடாது’ என்ற விதியை என்னைவிட அவர் அழகாக ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டு, “நேத்து போன் பண்ணுனேன்னு சொல்லோணும்னா, ஐ ஹேவ் கால்டு எஸ்டர்டே, கரெக்டுங்ளா மேடம்?” என்பார். எனக்குக் கோபம்தான் வரும். வயசான மண்டை, இனி வளையாது என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டெல்டாவின் இரண்டாம் பகுதியில் பார்வையாளர் முன்னால் நான்கு வகுப்புகள் எடுத்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் 2,000 முதல் 2,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும்: நீங்கள் எடுக்கப்போகும் விஷயம் மொழியில் எப்படி இயங்குகிறது, உங்கள் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள், ஏன் விழுவார்கள். நான் எடுத்துக்கொண்டது இந்த ‘ஹேஸ் கம்’தான், அதாவது பிரசென்ட் பெர்ஃபெக்ட். ‘ஏன்’ என்ற இடத்தில் பேனா நின்றது. பதினெட்டு வருஷம் இதைப் பாடம் எடுத்திருக்கிறேன், ஏன் என்று ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

பதில் எங்கே இருந்தது? நம் வீட்டு வாசலில். வெளியே போய்விட்டு வருகிறோம், வாசலில் தம்பியின் செருப்பு கிடக்கிறது. என்ன சொல்கிறோம்? ‘தம்பி வந்திருக்கான்.’ வந்ததை நாம் பார்க்கவில்லை. தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம். அவன் நேற்றே வந்தவன் என்று தெரிந்தால்? ‘நேத்தே வந்திருக்கான்.’ சுத்தமான தமிழ். நம்முடைய ‘இரு’ நேற்றோடு சேரும், போன வருஷத்தோடும் சேரும். நேரில் பார்க்காததை ஊகித்துச் சொல்லவும் சேரும். ஆங்கிலத்து ‘ஹேவ்’வுக்கு அந்தத் தாராளம் கிடையாது. முடிந்துபோன காலத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்ட உடனே அது விலகிக்கொள்ளும். இரண்டும் பார்க்கப் பங்காளிகள் மாதிரி இருக்கும், சாப்பிடும் இலை வேறு.

ஆனால் பலகையில் ‘வந்திருக்கான்’ என்று எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு, ‘ஹேஸ் கம்’ என்று வருஷா வருஷம் எழுதியது யார்? நான்தான். அவர் என் சமன்பாட்டை நம்பி, மனசுக்குள் ‘நேத்து வந்திருக்கான்’ என்று தமிழில் சரியாக நினைத்து, அதை அப்படியே பெயர்த்துச் சொல்லியிருக்கிறார். பார்த்தீனியத்தை நானே விதைத்துவிட்டு, நானே குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மண்டை வளையாதது யாருடையது என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ‘ஒன்லி’. ‘எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’, ‘ஹீ ஒன்லி டோல்டு மீ’. தமிழ்நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்காமல் கலைவதில்லை. ‘ஒன்லியைத் தூக்கு’ என்று சொல்லிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. தூக்கிவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ‘நேத்துதான் வந்தேன்’ என்று சொல்ல வந்தவருக்கு அந்த ‘தான்’ முக்கியம். தமிழில் அழுத்தம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது: தான், ஏ, ஆவது, கூட. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் குரல் செய்கிறது. ‘எஸ்டர்டே’யைத் தூக்கி உச்சரித்தாலே போதும். ‘ஒன்லி’யைப் பிடுங்கியவர்கள் அதற்குப் பதிலாகக் குரலை ஏற்றி இறக்கக் கற்றுக்கொடுத்தோமா? இல்லை. பாவம், அவர் அழுத்திச் சொல்ல நினைத்ததை எதில் சொல்வார்? மறுபடி ‘ஒன்லி’யிலேயே போய் நிற்பார்.

இந்த இரண்டு விஷயத்துக்கும் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழை உற்றுப் பார்த்தாலே போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு வருஷம் நான் பார்க்கவில்லையே! உட்கார வைத்து, ‘ஏன்’ என்று கேட்டு, எழுதாமல் விடமாட்டேன் என்று ஒருவர் நின்ற பிறகுதான் பார்த்தேன். மேல்படிப்பின் வேலை இவ்வளவுதான். அது புதிதாக அனுபவம் எதையும் தருவதில்லை. இருக்கிற அனுபவத்தை நெல் மாதிரி எடுத்து, குத்தி, புடைத்து, அரிசி எவ்வளவு உமி எவ்வளவு என்று காட்டுகிறது. அதனால்தான் அது புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஆகாது. அவர்களிடம் குத்துவதற்கு நெல்லே இருக்காது. ‘அனுபவம் இருக்கு, படிப்பு வேண்டாம்’ என்று நண்பர் சொல்வது தலைகீழ்க் கணக்கு. அனுபவம் இருக்கிறவருக்குத்தான் இந்தப் படிப்பே.

வகுப்பு முடிந்த பிறகு இன்னொரு சடங்கு உண்டு. எது ஓடியது, எது ஓடவில்லை என்று நம் வகுப்பை நாமே மதிப்பிட்டு எழுத வேண்டும். என் வகுப்பைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷத்துக்கு மேல் என் குரல்தான். பேசக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ‘எஸ் மேடம்’, ‘ஓகே மேடம்’ என்று இடையிடையே ஒலித்தார்கள். பார்வையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வகுப்பில் ஓர் அம்மா பேச வாயெடுத்தபோது ஏன் நீங்கள் முடித்து வைத்தீர்கள்?” எனக்குத் தெரிந்த பதில், ‘எப்பவும் அப்படித்தான் செய்வேன்’. அதை வெளியே சொல்ல நா எழவில்லை.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். ‘நாங்கள் என்ன படிக்காதவர்களா? எம்.ஏ. இருக்கிறது, பி.எட். இருக்கிறது, சிலரிடம் நெட் தேர்ச்சியும் இருக்கிறது.’ இருக்கிறது, மதிக்கிறேன். அந்தப் படிப்புகளில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆங்கில எம்.ஏ. என்பது பெரும்பாலும் இலக்கியம். ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்தவர் முட்டை ஏற்றுமதி செய்கிறவருக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தரத் தயாராகிவிட்டார் என்று எப்படிச் சொல்வது? கல்லூரி ஆசிரியராக வாசலைத் திறக்கும் நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைகதை, விமர்சனம், கோட்பாடு என்று ஓடும். மொழி, மொழி கற்பித்தல் என்பதற்கு ஒதுக்கியது ஓர் அலகு, அதுவும் பகிர்ந்துகொண்டு. பி.எட். பள்ளிக்கூடத்துக்கானது. பதிமூன்று வயதுப் பையனுக்கும் நாற்பத்தோரு வயது அம்மாவுக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்தலாம் என்பவர்கள், அந்த அம்மா கடைசி பெஞ்சைத் தேடிப் போய் உட்காருவது ஏன் என்று யோசித்ததில்லை. பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் தலைகுனிந்து வந்தவர் அவர். அவருக்குத் தேவை முதலில் இலக்கணம் இல்லை.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க நம் நாட்டில் போர்டு மாட்டினால் போதும். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே, ஆசிரியர் பட்டதாரிக்குக் குறையக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டன. எந்தப் பட்டம் என்று கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் சான்றிதழ் மழை. பொதுமுடக்க காலத்தில் பார்த்தோமே, ஒரு மணி நேர வெபினார், முடிவில் கூகுள் படிவம், நாலு கேள்விக்கு டிக் அடித்தால் மின்னஞ்சலில் சான்றிதழ். சுவர் கொள்ளாமல் சட்டம் போட்டு மாட்டிய மையங்களை நானே பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகள் படிப்பை ஏளனம் செய்வதற்கு இந்தக் காகிதங்களும் ஒரு காரணம், அதில் நியாயமும் உண்டு. வகுப்பில் யாரும் வந்து உட்கார்ந்து பார்க்காமல் கொடுக்கப்படும் எந்தச் சான்றிதழையும் நானும் அந்தக் கணக்கில்தான் வைப்பேன். போலி நகை ஏகமாக வந்துவிட்டது என்பதற்காக உரைகல்லையே தூக்கிப் போடச் சொன்னால் மட்டும் ஒப்பமாட்டேன்.

இனி, நண்பரின் வாதங்களிலேயே கனமானது. “வெள்ளைக்காரன் குடுக்கற சர்ட்டிபிகேட்டை வாங்கி நாம மாட்டிக்கோணுமா மேடம்?” அவர் சும்மா கேட்கவில்லை. இந்தப் படிப்புகளின் பூர்வீகம் லண்டன்தான். 1962இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் லண்டன் இன்டர்நேஷனல் ஹவுஸில் ஆரம்பித்த குறுகிய காலப் பயிற்சியிலிருந்து கிளைத்த மரபு இது. பிறகு ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் கைக்குப் போய், 1988இல் கேம்பிரிட்ஜ் வசம் வந்தது. பல நாட்டு மாணவர் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காரும் வகுப்பை மனதில் வைத்து வளர்ந்தது. நம் ஊரில் நாற்பது பேர், ஒரே தாய்மொழி, மின்விசிறிச் சத்தம், வெளியே பஸ் ஹாரன். அங்கே மாணவரின் தாய்மொழி ஆசிரியருக்குத் தெரியாது; இங்கே தெரியும். அது எவ்வளவு பெரிய முதல்! அதைப் பயன்படுத்தத் தெரியாமல் ‘நோ தமிழ் இன் கிளாஸ்’ என்று போர்டு எழுதி மாட்டுகிறோம். இதெல்லாம் உண்மை. செலவும் சின்னதில்லை, பகுதி பகுதியாகப் படித்தாலும் மொத்தத்தில் லட்சத்தைத் தாண்டும்.

ஆனால் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் படிப்புகளின் வாசிப்புப் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். டாஸ்க் வழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுவதற்கு வேர் போட்டவர்களில் முக்கியமானவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்துகொண்டு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனைதான் ‘பெங்களூர் பிராஜெக்ட்’. இலக்கணத்தை வரிசை கட்டி ஊட்டாமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, கணக்குப் போடுவது மாதிரி யோசிக்க வைத்து மொழியை வரவழைத்தார். அவரே 1990இல், எல்லா இடத்துக்கும் சிறந்த ஒரே முறை என்று எதுவும் கிடையாது என்று எழுதினார். நல்ல கற்பித்தலுக்கு எதிரி கெட்ட முறை இல்லை, யோசனையற்றுப் போன பழக்கமே எதிரி என்பது அவர் வாதம். செக்குமாட்டைத்தான் சொல்கிறார். அடுத்து பி. குமரவடிவேலு. கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு, மேல்நாட்டு ‘முறை’களை இறக்குமதி செய்வதை விட்டு உள்ளூர் ஆசிரியர் தம் வகுப்புக்கான கோட்பாட்டைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று 1994 முதல் எழுதியவர். அடுத்து யாழ்ப்பாணத்துச் சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒன்றைத்தான் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியதையும் வரைந்ததையும் உட்கார்ந்து படித்தார் மனுஷன். பாடத்தை அவர்கள் எப்படி ஏற்றார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்பதை அந்த ஓரக் கிறுக்கல்களிலிருந்து எடுத்தார். ஆங்கிலம் கற்பித்தலில் இருக்கும் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் அவர் புத்தகம் 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகவே வந்தது.

ஆக, வெள்ளைக்காரன் முறையைக் கேள்வி கேட்டவர்கள் படிக்காமல் கேட்கவில்லை. அடிவரை படித்துவிட்டுக் கேட்டார்கள். இந்த மூன்று பேரையும் நான் தெரிந்துகொண்டது எங்கே? பதினெட்டு வருஷ அனுபவத்தில் இல்லை. அந்த வெள்ளைக்காரப் பட்டயத்துக்குப் படிக்கும்போதுதான். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

லண்டன்தான் ஒரே வழி என்றும் நான் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, இப்போது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகமாக இருக்கும் இடத்தில் ஆங்கிலம் கற்பிப்போருக்கான முதுகலைச் சான்றிதழும் பட்டயமும் உண்டு. தொலைநிலையில் படித்த ஆசிரியர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒலியியலும் இலக்கணமும் கற்பித்தலும் அங்கே உருப்படியாகச் சொல்லித்தருகிறார்கள். யாருக்கு எது கட்டுபடியாகிறதோ அது.

“படிச்சா ஃபீஸ் கூட வாங்க முடியுமா?” இது மூன்றாவது நண்பர். முடியாது. அல்லது, உடனே முடியாது. மாணவர் நம்மிடம் சேர வரும்போது டெல்டாவா டிப்ளமாவா என்று கேட்பதில்லை, ‘எத்தனை நாள்ல பேசலாம்?’ என்றுதான் கேட்கிறார். ‘முப்பது நாளில்’ என்று போர்டு வைத்தவரிடம்தான் கூட்டம் போகும். இதை மறுத்து நான் என்ன எழுதினாலும் பொய்யாகும். ஆனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ராசிபுரம் பக்கத்து நர்ஸ் ஒருவர் என்னிடம் வந்தார். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஎல்ட்ஸ் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். மூன்று தடவை எழுதியாயிற்று, மூன்று தடவையும் எழுதுதலில் மட்டும் 6. ஒரு தடவைக்குக் கட்டணம் 16,000 ரூபாய்க்கு மேல். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸின் சம்பளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பு படித்த மையத்தில் கொடுத்த நோட்டைக் கொண்டுவந்திருந்தார். இருபது மாதிரிக் கட்டுரைகள். முதல் பத்தி, இரண்டாம் பத்தி, முடிவு எல்லாம் அச்சு வார்த்தது மாதிரி. மனப்பாடம் செய்திருந்தார், ஒரு கமா தப்பாமல். நாமக்கல் மண்ணில் இது ஆச்சரியமில்லை. புளூபிரிண்ட்டும் மாதிரி வினாத்தாளும் வைத்துப் பிளஸ் டூவில் மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஊர். பழைய பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 200க்கு 180 எடுத்துவிட்டு, ‘உங்க பேர் என்ன’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் வேர்த்துப்போகும் ஆட்களை அதே ஊர் உருவாக்கியதும் உண்மை.

எழுத்துக்கு மதிப்பெண் நான்கு அளவுகோலில் விழுகிறது: கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். அவருடைய இலக்கணத்தில் பெரிய பழுதில்லை. கேட்ட கேள்வி ஒன்று, மனப்பாடம் செய்த கட்டுரை வேறொன்று, அங்கேதான் அடி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கட்டுரை படிக்கிற நேரம்தான் ஆனது. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. ஒரு விடைத்தாளை வைத்துக்கொண்டு இந்த மாணவரின் பலம் எது, பலவீனம் எது, ஆதாரம் எந்த வரியில் என்று பிரித்து எழுதுவது டெல்டா முதல் பகுதித் தேர்வில் வரும் கேள்வி. அதற்காகப் பல மாதம் பழகியிருந்தேன், அவ்வளவுதான். அவருக்கு முன்பு சொல்லிக்கொடுத்தவருக்கு என்னைவிட அனுபவம் அதிகம். அவரும் அக்கறையாகத்தான் திருத்தியிருந்தார். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. எல்லாம் இலக்கணத் திருத்தம்.

அந்த 48,000 ரூபாய்ச் சொச்சத்தை, ‘அனுபவமே போதும்’ என்று டீக்கடையில் சொல்கிற நாம் யாரும் கட்டவில்லை.

சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் எத்தனை பொறியியல் கல்லூரிகள், கலைக் கல்லூரிகள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்போருக்காக ஒரு மாலை நேரப் பட்டயம், தமிழ் பேசுகிறவரின் நாக்கையும் மனசையும் தெரிந்து வகுத்த பாடத்திட்டம், கட்டாயம் நாலு வகுப்பையாவது பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு என்று ஒன்றை இங்கேயே ஆரம்பிக்க என்ன தடை? லட்சங்கள் தேவைப்படாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒரு ஆள் வேண்டும், அவர் எழுதியதைப் படித்துவிட்டு மறுநாளும் வகுப்புக்கு வர ஒரு ஆசிரியர் வேண்டும்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று, மேற்படி டீக்கடை நண்பரிடமே போன வாரம் சொன்னேன். நாம் நாலு பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காருவோம். முதலில் என் வகுப்புக்கு நீங்கள் வாருங்கள், கிழித்துத் தோரணம் கட்டுங்கள், பிறகு நான் வருகிறேன். வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘பலகையைப் பார்த்தே பேசறீங்க மேடம், ஆளைப் பார்க்க மாட்டேங்கறீங்க’ என்பது அதில் மூன்றாவது வரி. எந்தப் படிப்பும் படிக்காமலே அவர் கண்ணில் பட்டது அது. இதுவரை எந்தப் பார்வையாளரும் எனக்குச் சொன்னதில்லை.

“உங்க வகுப்புக்கு எப்ப சார் வரட்டும்?” என்று கேட்டேன். புதன்கிழமை என்றார். செவ்வாய் ராத்திரி போன் செய்து, புது பேட்ச் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் ஆடிப் பண்டிகை.